பியர்சனின் கொடி: கனடா தன் கொடியை மாற்றிய கதை

கனடாவில் ஓர் உறவினராவது இல்லாத வீடு எங்கள் ஊர்களில் குறைவு. அதனால் பியர்சன் என்ற பெயர் எங்களுக்குப் பழக்கமானது. ரொறன்ரோவில் விமானம் இறங்கும் இடத்தின் பெயர் அது. அந்தப் பெயருக்குரிய மனிதரைப் பற்றி நாங்கள் அதிகம் பேசியதில்லை. லெஸ்டர் பியர்சன் கனடாவின் 14ஆவது பிரதமர். சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர். சிவப்பும் வெள்ளையும் கொண்ட மேப்பிள் இலைக் கொடி கனடாவுக்குக் கிடைத்தது அவருடைய ஆட்சியில்தான்.

ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி 4ஆம் திகதி நெருங்கும்போது இங்கே கொடியைப் பற்றிய பேச்சு வரும். எங்கே ஏற்றினார்கள், எங்கே ஏற்றவில்லை, எங்கே கறுப்புக்கொடி கட்டினார்கள் என்று செய்தி சேகரிப்பது என் தொழிலின் ஒரு பகுதி. அந்தச் செய்திகளை எழுதும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி இருக்கும். இரண்டு மொழி பேசும் மக்கள் வாழும் ஒரு நாட்டில், எல்லோரும் தங்களுடையது என்று சொல்லக்கூடிய கொடி எப்படி உருவாகும்? அதைத் தேடிப் போனபோதுதான் பியர்சனின் வாழ்க்கையை வாசித்தேன்.

பியர்சன் 1897ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் திகதி, இன்று ரொறன்ரோ நகருக்குள் அடங்கிவிட்ட நியூட்டன்புறூக் என்ற ஊரில் பிறந்தார். தந்தை மெதடிஸ்ட் போதகர். முதலாம் உலகப் போர் மூண்டபோது பியர்சன் பல்கலைக்கழக மாணவர். 1915இல் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து கிரேக்கத்தின் சலோனிக்காவில் காயப்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார். பின்னர் விமானப் படைப் பயிற்சிக்கு மாறினார். லெஸ்டர் என்ற பெயர் விமான வீரனுக்குப் பொருந்தாது என்று நினைத்த பயிற்சியாளர் அவரை மைக் என்று அழைக்கத் தொடங்கினார். நண்பர்களுக்கு அவர் கடைசிவரை மைக்தான். பயிற்சியில் ஒரு விமான விபத்தில் தப்பியவரை, விளக்குகள் அணைக்கப்பட்டிருந்த லண்டன் தெருவில் ஒரு பஸ் மோதியது. அத்துடன் அவருடைய போர் முடிந்தது.

போருக்குப் பின் ஒக்ஸ்போர்டில் படித்து, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்து, 1928இல் வெளிவிவகாரச் சேவையில் இணைந்தார். 1945இல் வோஷிங்டனில் தூதுவர். 1948இல் லிபரல் அரசாங்கத்தின் வெளிவிவகார அமைச்சர். இந்தப் பதவியில்தான் அவர் எங்கள் தீவுக்கும் வந்தார். 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிவிவகார அமைச்சர்கள் கொழும்பில் கூடினார்கள். கொழும்புத் திட்டம் என்று பின்னர் பெயர் பெற்ற உதவித் திட்டம் அந்த மாநாட்டில்தான் உருவானது. கனடாவின் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் பியர்சன்.

அவர் கொழும்பில் இருந்த அந்த நாட்களில் இலங்கையின் கொடி முடிவாகியிருக்கவில்லை. 1948இல் டி.எஸ். சேனநாயக்க நியமித்த ஏழு பேர் கொண்ட குழு அதை ஆராய்ந்துகொண்டிருந்தது. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைவர். ஜே.ஆர். ஜயவர்தன, ஜோன் கொத்தலாவல, எல்.ஏ. ராஜபக்ச, ரி.பி. ஜாயா, ஜி.ஜி. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன் ஆகியோர் மற்ற உறுப்பினர்கள். வாளேந்திய சிங்கம் அப்படியே இருக்க, அதற்குப் பக்கத்தில் பச்சையும் செம்மஞ்சளுமாக இரண்டு பட்டிகளைச் சேர்ப்பதே குழுவின் முடிவாக இருந்தது. நடேசன் மட்டும் இணங்கவில்லை. சிங்கம் நிற்கும் இடத்துக்கு வெளியே ஒரு ஓரத்தில் எங்களை நிறுத்தினால் அது எப்படி ஒற்றுமையாகும் என்பதே தமிழர் தரப்பில் எழுந்த எதிர்ப்பின் சாரம். ஆனாலும் 1951 மார்ச் 2ஆம் திகதி பாராளுமன்றம் அந்தக் கொடியை ஏற்றுக்கொண்டது.

கனடாவுக்கு அப்போது தனக்கென்று சட்டப்படி ஒரு கொடியே இருக்கவில்லை. ரெட் என்சைன் என்ற சிவப்புக் கொடியைப் பயன்படுத்தினார்கள். அதன் மேல் மூலையில் பிரித்தானியாவின் யூனியன் ஜாக் இருக்கும். வலது பக்கத்தில் கனடாவின் கேடயச் சின்னம். ஆங்கிலம் பேசும் கனேடியர்களில் பலருக்கு அது பாட்டன்மாரின் கொடி, போர்க்களத்தின் கொடி. பிரெஞ்சு பேசும் கியூபெக் மக்களுக்கு அது தங்களை வென்றவர்களின் கொடி. அவர்கள் 1948 ஜனவரியில், லில்லி மலர்கள் பொறித்த நீலக் கொடியைத் தங்கள் மாகாணக் கொடியாக்கிக்கொண்டார்கள். புதிய தேசியக் கொடிக்காக 1925இலும் 1946இலும் பிரதமர் மெக்கென்சி கிங் எடுத்த முயற்சிகள் எதிர்ப்புக்குப் பயந்து கைவிடப்பட்டன.

பியர்சனைக் கொடியின் பக்கம் திருப்பிய சம்பவம் 1956இல் நடந்தது. எகிப்து சுயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கியதும் பிரித்தானியாவும் பிரான்ஸும் இஸ்ரேலும் அதன்மீது படையெடுத்தன. போரை நிறுத்த, ஐக்கிய நாடுகளின் கொடியின்கீழ் ஒரு சர்வதேசப் படையை அனுப்பலாம் என்ற யோசனையைப் பியர்சன் முன்வைத்து நிறைவேற்றினார். நீலத் தலைக்கவசம் அணிந்த அமைதிப் படை என்று இன்று உலகம் அறிந்த ஏற்பாடு அங்கிருந்து வளர்ந்தது. 1957இல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காகவே. ஆனால் கனடா தன் காலாட்படையை அனுப்ப முற்பட்டபோது எகிப்து மறுத்துவிட்டது. படைப்பிரிவின் பெயரில் இராணி, சீருடை பிரித்தானியச் சீருடை போன்றது, கொடியில் யூனியன் ஜாக். படையெடுத்து வந்தவனுக்கும் சமாதானம் செய்ய வந்தவனுக்கும் எகிப்தியச் சிப்பாய் எப்படி வித்தியாசம் காண்பான்? கடைசியில் கனடா போக்குவரத்து, தொடர்பாடல் போன்ற துணைப் பிரிவுகளையே அனுப்பியது. தன் நாட்டை அடுத்தவன் எப்படிப் பார்க்கிறான் என்பது பியர்சனுக்கு அன்று புரிந்தது.

1958இல் லிபரல் கட்சியின் தலைவரானார். அதே ஆண்டுத் தேர்தலில் ஜோன் டீஃபன்பேக்கரின் கொன்சர்வேட்டிவ் கட்சியிடம் படுதோல்வி அடைந்தார். 1963 ஏப்ரலில் பெரும்பான்மை இல்லாத அரசாங்கத்தின் பிரதமரானார். அப்போது கியூபெக் கொதித்துக்கொண்டிருந்தது. பிரிவினை கோரிய இளைஞர்கள் மொன்றியலில் குண்டு வைத்தார்கள். பியர்சன் பதவியேற்ற சில மாதங்களுக்குள் இரு மொழிகளையும் இரு பண்பாடுகளையும் ஆராய ஓர் அரச ஆணைக்குழுவை நியமித்தார். புதிய கொடி தருவதாகத் தேர்தலில் வாக்குறுதி அளித்திருந்தார். 1967இல் வரவிருந்த கனடாவின் நூற்றாண்டுக்கு முன் அதை நிறைவேற்ற விரும்பினார்.

1964 மே 17ஆம் திகதி அவர் செய்த காரியத்தை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். தன் திட்டத்தை ஆதரிக்கும் கூட்டத்தைத் தேடி அவர் போகவில்லை. வினிப்பெக்கில் நடந்த முன்னாள் படையினர் சங்கத்தின் மாநாட்டுக்குப் போனார். ரெட் என்சைனை மாற்ற வேண்டும், மேப்பிள் இலை கொண்ட கொடி வேண்டும் என்று அவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். மண்டபத்தில் கூச்சல் எழுந்தது. ஏளனக் குரல்கள் அவரைப் பேசவிடவில்லை. அவர் பேசி முடித்துவிட்டே இறங்கினார்.

அந்தக் கூச்சலை வெறும் பழைமைவாதம் என்று நான் தள்ளிவிடமாட்டேன். முதலாம் உலகப் போரில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கனேடியர்கள் இறந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் 45 ஆயிரம் அளவில். அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் அவர்களுடைய தோழர்கள். கொடியை மாற்றினால் செத்தவர்களின் சாவுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. இந்தப் பயம் எப்படிப்பட்டது என்று எங்கள் வாசகர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஒரு துணியின் நிறம் என்னவாக இருக்கும் என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். பியர்சனும் அந்தப் போரில் சேவை செய்தவர்தான். அதனால்தான் அவர்களிடம் நேரில் போனார் என்று நினைக்கிறேன்.

பியர்சன் விரும்பிய வடிவத்தில் ஒரு காம்பில் மூன்று சிவப்பு மேப்பிள் இலைகள் வெள்ளை நிறத்தின் நடுவில் இருந்தன. இரண்டு ஓரங்களிலும், கடலிலிருந்து கடல் வரை என்பதைக் குறிக்க, நீலப் பட்டிகள். ஜூன் 15ஆம் திகதி பாராளுமன்றத்தில் பிரேரணை வந்ததும் நாடே இரண்டுபட்டது. பத்திரிகைகள் அந்த வடிவத்துக்குப் பியர்சனின் பதாகை என்று கேலிப் பெயர் வைத்தன. ரெட் என்சைனை ஏந்தியவர்கள் பாராளுமன்றத்துக்கு முன் திரண்டார்கள். புதிய கொடி கேட்டவர்களும் திரண்டார்கள். டீஃபன்பேக்கர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தச் சொன்னார். யூனியன் ஜாக்கும் லில்லி மலரும் இல்லாத கொடி எங்கள் வரலாற்றையே அழிக்கிறது என்பது அவருடைய வாதம். கியூபெக்கில் பலர் அக்கறையற்றே இருந்தார்கள். அவர்களுக்குத்தான் சொந்தக் கொடி ஏற்கனவே இருந்ததே.

கோடை முழுவதும் விவாதம் நீண்டது. செப்டெம்பரில் விடயம் 15 பேர் கொண்ட அனைத்துக் கட்சித் தெரிவுக்குழுவுக்குப் போனது. மக்கள் அனுப்பிய வடிவங்கள் அந்தக் குழுவுக்கு முன் குவிந்தன. மொத்தம் 3,541. பாடசாலைப் பிள்ளைகள் வரைந்தவையும் உண்டு, பெயர்பெற்ற ஓவியர் ஏ.வை. ஜக்சன் வரைந்ததும் உண்டு. 2,136 வடிவங்களில் மேப்பிள் இலை இருந்தது. 408இல் யூனியன் ஜாக், 389இல் நீர்நாய் போன்ற பீவர் என்ற விலங்கு, 359இல் லில்லி மலர். தலைவர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது சாதாரண மக்களில் பெரும்பகுதியினர் ஓர் இலையில் ஒன்றுபட்டிருந்தார்கள். ஊடகக் கல்வி படித்தவள் என்ற முறையில் இந்த எண்கள் எனக்கு முக்கியமானவை. சத்தமாக ஒலித்த கருத்தும் பரவலாக இருந்த கருத்தும் அங்கே ஒன்றல்ல.

ஒரு வடிவம் வேறு வழியாக வந்தது. கிங்ஸ்ரனில் உள்ள இராணுவக் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் ஜோர்ஜ் ஸ்டான்லி, லிபரல் உறுப்பினர் ஜோன் மெத்தீசனுக்கு 1964 மார்ச் 23ஆம் திகதி ஒரு குறிப்பு எழுதியிருந்தார். பிரிவை ஏற்படுத்தும் எந்தச் சின்னமும் கூடாது என்பது அவருடைய முக்கிய ஆலோசனை. வென்றவர்களின் யூனியன் ஜாக்கும் வேண்டாம், தோற்றவர்களின் லில்லி மலரும் வேண்டாம். இரண்டு சிவப்புப் பட்டிகளுக்கு நடுவே வெள்ளையில் ஒரே ஒரு சிவப்பு இலை போதும் என்றார். சிறுபிள்ளையும் வரையக்கூடிய எளிமை அது.

ஒக்டோபர் 22ஆம் திகதி குழுவில் இறுதிப் போட்டி பியர்சனின் மூன்று இலைகளுக்கும் ஸ்டான்லியின் ஒற்றை இலைக்கும் இடையில் வந்தது. லிபரல் உறுப்பினர்கள் பிரதமரின் வடிவத்துக்கே வாக்களிப்பார்கள் என்று கொன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் கணக்குப் போட்டார்கள். அவரைத் தோற்கடிப்பதற்காக ஒற்றை இலைக்கு வாக்களித்தார்கள். வாக்குகளை எண்ணியபோது லிபரல் உறுப்பினர்களும் அதற்கே வாக்களித்திருந்தார்கள். முடிவு 14க்கு 0. பிரதமரின் கொடிக்கு ஒரு வாக்கும் இல்லை.

பியர்சன் அதை ஏற்றுக்கொண்டார். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மாதிரிக் கொடிகளை உடனே பறக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். தைப்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. ஓர் அரச உத்தியோகத்தரின் 20 வயது மகள் தன் தையல் மெசினைக் கொண்டுவந்து இரவோடிரவாகத் தைத்துக் கொடுத்தார். மறுபடியும் பாராளுமன்றத்தில் விவாதம் இழுபட்டது. மொத்தமாக 250இற்கும் மேற்பட்ட உரைகள். விவாதத்தை முடித்துவைக்கச் சொன்னவர் எதிர்க்கட்சியில் இருந்த கியூபெக்காரரான லியோன் பல்செ. டிசெம்பர் 15ஆம் திகதி அதிகாலை இரண்டு மணியளவில் 163க்கு 78 என்ற வாக்குகளில் கொடி நிறைவேறியது. உறுப்பினர்கள் கனடாவின் கீதத்தைப் பாடினார்கள். இராணிக்கான கீதத்தையும் பாடினார்கள்.

1965 பெப்ரவரி 15ஆம் திகதி கடுங்குளிரில் ஒட்டாவாவில் ரெட் என்சைன் இறங்கியது. மேப்பிள் இலைக் கொடி ஏறியது. அரச தலைமை விருந்தினராக நின்ற ஆளுநர் நாயகம் ஜோர்ஜ் வனியே ஒரு பிரெஞ்சுக் கனேடியர். முதலாம் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர். டீஃபன்பேக்கர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

பியர்சனின் மற்ற வேலைகளும் சிறியவை அல்ல. ஓய்வூதியத் திட்டமும் எல்லோருக்குமான மருத்துவக் காப்பீட்டுச் சட்டமும் அவருடைய ஆட்சியில் வந்தவை. 1967இல் குடிவரவுக்குப் புள்ளி முறை வந்தது. விண்ணப்பிப்பவரின் நிறமும் பிறந்த நாடும் பார்க்காமல் கல்வியும் தொழிலும் மொழியும் பார்த்தார்கள். 1983இற்குப் பின் எங்களவர்களில் பெரும்பாலானோர் போனது அகதிகளாகத்தான். ஆனால் வெள்ளையருக்கென்று இருந்த கதவை முதலில் திறந்தவர்களில் அவருடைய அரசாங்கமும் உண்டு.

கொடி எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. கியூபெக் பிரிவதா என்று 1995இல் வாக்கெடுப்பு நடந்தபோது ஐக்கிய கனடா ஒரு சதவீதத்தை ஒட்டிய இடைவெளியில்தான் தப்பியது. 1964இன் விவாதம் முழுவதும் ஆங்கிலேயரின் வழிவந்தவர்களுக்கும் பிரெஞ்சுக்காரரின் வழிவந்தவர்களுக்கும் இடையிலானது. அந்த மண்ணின் ஆதிக்குடிகளை யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்த விடுதிப் பாடசாலைகள் பியர்சனின் காலத்திலும் இயங்கின. 2021இல் அத்தகைய பாடசாலை நிலங்களில் பெயரில்லாப் புதைகுழிகள் இருப்பதற்கான தடயங்கள் வெளிவந்தபோது, கனடாவின் கொடி ஐந்து மாதங்களுக்கு மேல் அரைக்கம்பத்தில் பறந்தது. காணாமல் போனவர்களைத் தேடும் எங்கள் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு அரசு தன் குற்றத்துக்காகத் தன் கொடியையே இறக்கிவைக்கவும் முடியும்.

பியர்சன் 1968இல் பதவியிலிருந்து விலகினார். 1972 டிசெம்பர் 27ஆம் திகதி புற்றுநோயால் இறந்தார். ஒன்ராறியோவில் பிறந்த அவர் கியூபெக்கின் வேக்ஃபீல்ட் மலைக்கிராமத்தில், இரண்டு இராஜதந்திர நண்பர்களுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

தோற்ற கொடிக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவும் மனிற்றோபாவும் ரெட் என்சைனில் தங்கள் மாகாணச் சின்னங்களைப் பதித்து, அதைத் தங்கள் கொடியாக்கின. யாரும் தடுக்கவில்லை. முன்னாள் படையினர் தங்கள் நினைவு நாட்களில் பழைய கொடியைக் கொண்டுவந்தார்கள். 1979இல் டீஃபன்பேக்கர் இறந்தபோது அவருடைய விருப்பப்படி சவப்பெட்டியின்மீது ரெட் என்சைனும் மேப்பிள் இலைக் கொடியும் சேர்த்து விரிக்கப்பட்டன. அது அரச மரியாதையுடன் நடந்த இறுதிச்சடங்கு. நினைவேந்தல் நாளில் எந்த நிறத்தில் தோரணம் கட்டினார்கள் என்று பொலிஸார் விசாரிக்கும் ஊர்களில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். யுத்தத்தின் கடைசி நாட்களில் எங்கள் சனங்கள் கையில் பிடித்திருந்தது வெள்ளைத் துணி. அதுகூட எல்லோரையும் காப்பாற்றவில்லை.

கனடாவின் கொடி பொதுவான கொடியாக மாறியதற்கு எனக்குப் படும் காரணம் இதுதான். பெரும்பான்மையினர் தங்களுடைய சின்னத்தை விட்டுக்கொடுத்தார்கள். பிரதமர் தான் ஆசைப்பட்ட வடிவத்தை விட்டுக்கொடுத்தார். அதன் பிறகும் பழைய கொடிக்காக அழுதவர்களை அழ விட்டார்கள். இலங்கையில் 1951இல் சிங்கம் நின்ற இடத்தில் நின்றது. பட்டிகள் ஓரத்தில் சேர்ந்தன. 1972இல் சிங்கத்தின் நான்கு மூலைகளிலும் அரச இலைகள் வந்தன. பெரும்பான்மையினர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

புதிய அரசியலமைப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கொடியைப் பற்றிய கேள்வியைச் சின்ன விடயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். காணி, கைதிகள், காணாமல் ஆக்கப்பட்டோர் என்று எங்களிடம் அவசரமான பிரச்சினைகள் இருப்பது உண்மை. ஆனால் ஓரத்தில் நிறுத்தினால் ஒற்றுமையாகுமா என்ற அன்றைய கேள்விக்கு 70 வருடங்களுக்கு மேலாகியும் யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல விரும்பும் தலைவர் ஒருவர் தெற்கில் வருவாரானால், தன் சொந்த மக்கள் கூச்சலிடக்கூடிய மண்டபத்துக்கு முதலில் போய் அதைச் சொல்ல வேண்டியிருக்கும்.